மூன்று தகடு

புத்தகக் கண்காட்சிக்காக நெய்வேலிக்குப் போயிருந்தேன். மெயின் பஜாரில் நடந்து கொண்டிருந்தபோது, செல்போன் ரிப்பேர் கடை ஒன்றிலிருந்து சால்டரிங் புகை வந்து மூக்கில் ஏறியது. ஈயத்தோடு சேர்ந்து மரப்பிசின் உருகும் வாசனை. கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, "என்னக்கா, டிஸ்பிளே மாத்தணுமா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல தம்பி, நீ வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அந்த வாசனை எனக்கு இரண்டு இடங்களைச் சேர்த்தே கொண்டுவரும். ஒன்று, எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்க வராந்தா. இன்னொன்று, சென்னைத் துறைமுகத்துக்குள் அசைந்துகொண்டிருந்த 30 அடிப் பாய்மரப் படகின் உட்புறம். கடலுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார வேண்டிய நிலக்கரி ஊரில் பிறந்தவள், பாய்மரப் படகில் ரேடார் பொருத்தப் போனேன். அதற்கான பாடத்தின் பெரும்பகுதியை அந்தப் பின்பக்க வராந்தாவில்தான் படித்தேன்.

நெய்வேலிப் பிள்ளைகளுக்குத் தெருப்பெயர் கிடையாது, வட்டம்தான். "நீ எந்த வட்டம்?" என்று கேட்டுக்கொண்டுதான் சிநேகிதம் தொடங்கும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்தது, 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்தது, அடுத்த ஆண்டு நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது எல்லாம் பாடப்புத்தகத்துக்கு முன்பே எங்கள் வீட்டுத் திண்ணைகளில் பேசப்பட்டுவிடும். அப்பா முதல் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளின் மின்பராமரிப்பில் இருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத சக்கர இயந்திரங்கள் மண்ணைச் செதுக்கிப் போட, பெல்ட் அதைச் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடும். பெல்ட் நின்றால் சுரங்கமே நின்றது போல. நடுராத்திரியில் ஆள் வந்து கதவைத் தட்டினால், அப்பா கேள்வி கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஊர் முழுக்க சங்கொலிக்குக் கட்டுப்பட்டிருந்தது. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்காக அம்மா நாலரை மணிக்கே லெக்கோ அடுப்பைப் பற்றவைப்பாள். பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, அச்சில் அழுத்தி, சுட்டெடுத்த கட்டி அது. பிடிக்கும்வரை பொறுமையைச் சோதிக்கும். பிடித்துவிட்டால் சோறு, குழம்பு, வெந்நீர் வரைக்கும் கணகணவென்று நிற்கும். இன்றைக்கு லெக்கோ என்றால் ஊரிலேயே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கேஸ் வந்தது, லெக்கோ ஆலையும் மூடப்பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையமும் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது.

அந்தக் காலத்து மார்கழி, தை மாதங்களை நினைத்தால் முதலில் பனிமூட்டம்தான் கண்ணுக்கு முன் வருகிறது. முந்திரித் தோப்புகளின் பக்கமிருந்து இறங்கும் பனியும் புகைபோக்கிகளின் புகையும் கலந்து, எதிர் வீட்டு வேலியே தெரியாது. அதற்குள்தான் முதல் ஷிஃப்ட் ஆட்கள் நூற்றுக்கணக்கில் சைக்கிளில் போவார்கள். ஆளைப் பார்க்க முடியாது. மணியோசை மட்டும் கேட்கும், இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று. டைனமோ விளக்கு மஞ்சளாக ஒரு பொட்டு வைத்து நகரும். நடுவே நிறுவனத்தின் பஸ்களும் லாரிகளும் ஹார்ன் அடித்துக்கொண்டே ஊர்ந்துபோகும்.

சைக்கிளின் பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லோரும் வைத்திருப்பதுதான். அப்பா அதோடு இரண்டு பெடல்களிலும், பின்சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவிலும் வைத்திருந்தார். வாரம் ஒருமுறை வேட்டித் துணியில் துடைப்பார். ஒருநாள் உடைந்த ரிஃப்ளெக்டர் ஒன்றை என் கையில் கொடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் முழுக்கத் தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி மூலைகள். ஒவ்வொரு மூலையிலும் மூன்று முகங்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. "சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை வேற பக்கம் அனுப்பிடும் பாப்பா. இந்த மூணு முகமும் சேர்ந்துச்சுன்னா, எந்தப் பக்கத்துலேருந்து வெளிச்சம் வந்துச்சோ அந்தப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பும். லாரிக்காரன் எந்தக் கோணத்துல வந்தாலும் அவன் விளக்கு அவன் கண்ணுக்கே திரும்பிப் போகும்" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் என் தொழிலுக்கு முதல் பாடமாயிற்று: "ரோட்டுல நாம பாக்கறது பாதிதான். நம்மளைப் பாக்க வைக்கறதுதான் மீதிப் பாதி."

பின்பக்க வராந்தாவில் அப்பாவுக்கு ஒரு பலகை மேஜை. அக்கம்பக்கத்து ரேடியோக்கள், டேப் ரிக்கார்டர்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். யாரிடமும் காசு வாங்கமாட்டார். பலாப்பழம் வரும், முந்திரிக்கொட்டை வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈயக் கம்பியை நீட்டிக்கொண்டிருப்பேன். சூடு பட வேண்டியது இணைப்பில்தான், ஈயத்தில் அல்ல என்பதை அங்கேதான் கற்றேன். சரியாகப் பற்றிய இணைப்பு பளபளப்பாக இருக்கும், சரியில்லாதது மங்கி மண் நிறத்தில் நிற்கும். நாற்பது வருஷமாக நான் பார்த்த பழுதுகளில் பாதி அந்த மங்கிய இணைப்பில்தான் வந்து முடிந்திருக்கிறது.

காணும் பொங்கலுக்குக் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போவது எங்கள் வட்டத்தின் வழக்கம். புளியோதரைத் தூக்குகளோடு வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகப் பஸ் பயணம். தேவனாம்பட்டினம் கரையில் அப்போது கட்டுமரங்கள்தான் அதிகம். முக்கோணப் பாயை விரித்துக்கொண்டு அவை கரை திரும்புவதைப் பார்க்க அப்பா மணலில் நின்றுகொண்டே இருப்பார். ஒருமுறை வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், ராத்திரியில் கப்பல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பெரியவர் சொன்னது இது: "கப்பல் வர்றது எங்களுக்குத் தெரியுது சார். கப்பல்காரனுக்கு நாங்க தெரியறமான்னுதான் தெரியல. அரிக்கேனைத் தூக்கிக் காட்டுவோம். சத்தம் போடுவோம். அவ்வளவு உசரத்துல அவனுக்கு எங்க கேக்கப் போவுது?" திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பேசவே இல்லை. அடுத்த வாரம் ஊர் வாசகசாலையிலிருந்து ரேடாரைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வந்தார்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, சென்னையில் கப்பல் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். பெண் பிள்ளை கயிற்றேணியில் ஏறிக் கப்பலுக்குள் போவதா என்று உறவில் பேச்சு வந்தது. அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பெல்ட்டு நின்னா நடுராத்திரியில நான் போறேன். கப்பல்ல ரேடார் நின்னா அவ போறா." அதோடு பேச்சு அடங்கியது. பெரிய கப்பல்களின் ரேடார் எனக்குப் பழகிவிட்டது. ஒன்பது அடி, பன்னிரண்டு அடி நீளத்தில் சுழலும் ஆண்டெனா, பாலம் என்ற ஓட்டும் அறையில் அலமாரி அளவுக்குத் திரை. அவை எல்லாமே பெரியவர்கள் வீட்டுச் சாமான்.

சுனாமிக்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து, வணிகக் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். 30 அடியில் ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று வைத்திருந்தார். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் தளத்தில், துறைமுகத்துக்குள் அது கட்டியிருந்தது. "போர்ட் பிளேருக்குப் போகப்போறேன்மா. கூட ஒருத்தர்தான் வர்றார். ரெண்டு பேர் மாத்தி மாத்தித் தூங்கணும். எனக்கு ஒரு ரேடார் வேணும்" என்றார். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். அந்தப் படகின் வேகத்தில் ஐந்தாறு நாள். நம் கிழக்குக் கரைத் துறைகளுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் கப்பல்களின் வழியைக் குறுக்கே கடக்க வேண்டும். கப்பல் மணிக்கு 15 கடல் மைல் போகும், படகு 5. தூங்கி எழுவதற்குள் தொடுவானத்தில் இல்லாத கப்பல் தலைமேல் வந்து நிற்கும்.

அவர் சொல்லித்தான் கிறிஸ்டியன் ஹூல்ஸ்மெயர் என்ற ஜெர்மானியரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1904இல் கொலோன் நகரில், ரைன் நதியில் வந்த படகை ரேடியோ அலையின் எதிரொலியால் கண்டுபிடித்துக் காட்டியவர். இருட்டிலும் மூடுபனியிலும் கப்பல்கள் மோதக் கூடாது என்பதே அவர் நோக்கம். அன்றைக்கு அதை வாங்க யாரும் முன்வரவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்துப் போர் மேகம் சூழ்ந்தபோதுதான் நாடுகள் அதைத் தேடி ஓடின. ரேடார் போருக்காகப் பிறந்தது என்று நினைத்திருந்த எனக்கு, அது முதலில் படகுகள் மோதாமலிருக்க யோசிக்கப்பட்டது என்று கேட்டபோது மனசு நிறைந்துபோயிற்று.

முதல் கேள்வி, எங்கே வைப்பது? வெள்ளை நிறத்தில், மூடிய வாணலி மாதிரி ஒரு கூடு. குறுக்களவு ஒன்றரை அடி, எடை ஆறேழு கிலோ. உள்ளே ஆண்டெனா நிமிடத்துக்கு 24 முறை சுற்றும். கேப்டன் சார் பாய்மரத்தின் பாதி உயரத்தில் வைக்கலாம் என்றார். ரேடார் அலையும் பூமியின் வளைவுக்குக் கட்டுப்பட்டது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கடல் மைல் என்று தெரியும். எதிரே வரும் கப்பலின் உயரத்துக்கும் அதே கணக்கு. இரண்டையும் கூட்ட வேண்டும். மரத்தில் 7 மீட்டரில் வைத்தால் 25 மீட்டர் உயரக் கப்பல் கிட்டத்தட்ட 17 மைலில் தெரியும். பின்பக்கத்தில் தனிக் கம்பம் நட்டு 4 மீட்டரில் வைத்தால் 15 மைலுக்குச் சற்றுமேல். அந்த ஒன்றரை மைலுக்காக ஏழு கிலோவை அத்தனை உயரத்தில் தூக்கி வைத்தால், சிறிய படகு காற்றில் இன்னும் அதிகமாகச் சாயும். பாய் உரசும், கயிறு சிக்கும், கூட்டுக்குப் பின்னால் மரமே ஒரு பக்கத்தை மறைக்கும். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "கம்பமே நடும்மா" என்றார்.

ராயபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் கம்பம் செய்தோம். பாய்மரப் படகுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காற்று பிடித்தால் அது ஒருபக்கம் சாய்ந்துதான் ஓடும். ரேடாரின் கதிர் மேலும் கீழுமாகச் சுமார் 25 டிகிரி விரிந்து போகும். அதாவது நடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான் தாங்கும். படகு 20 டிகிரி சாய்ந்தால் ஒரு பக்கக் கதிர் வானத்தைப் பார்க்கும், மறுபக்கக் கதிர் தண்ணீரைக் குத்தும். கப்பல் வரும் திசை எதுவோ அதுவே குருடாகிவிடலாம். அதனால் கம்பத்தின் உச்சியில் கீல் வைத்து, கீழே உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்துக் கூட்டை மட்டத்துக்குக் கொண்டுவரும்படி அமைத்தோம். அந்தக் கீலுக்கான யோசனையைத் தந்தவர், கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொண்ட காசிமேட்டு அண்ணன். பாயையும் கயிற்றையும் அவர் கை பார்த்த அழகைச் சொல்லி முடியாது.

வயரிங்தான் என் வேலை. சிறிய படகில் ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் வரும் வழி. கேபிள் கம்பத்துக்குள் நுழையும் இடத்தில் அதைக் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றினேன், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஓட்டையின் விளிம்பில் ரப்பர் வளையம் வைக்காவிட்டால் ஆறு மாத ஆட்டத்தில் கேபிளின் தோல் உரிந்துவிடும். உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துப்போகும், ஆகவே வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் போட வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு மெல்லிய வயர் கொடுத்தால் வோல்டேஜில் ஒரு பங்கு வழியிலேயே தொலையும். ராத்திரி முழுக்க ரேடார் ஓடினால் பேட்டரி காலி. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, சில சுற்று பார்த்துவிட்டு உறங்கும்படி வைத்தோம். அந்நாளைய ரேடாருக்குள் மேக்னட்ரான் இருக்கும், அதில் வலுவான காந்தம் உண்டு. திசைகாட்டிக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டியும் வரக்கூடாது. கூடு ஆட்களின் தலைக்கு மேலே இருக்க வேண்டும், கண்ணுக்கு நேரே கதிர் வரக்கூடாது. படகின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து, சாய்ந்து சாய்ந்து ஆடும் வெளிச்சத்தில் இணைப்புகளைப் பற்றவைத்தபோது மூக்கில் ஏறிய புகையைத்தான் மெயின் பஜாரில் மறுபடி முகர்ந்தேன்.

மேல்தளத்துக்கு வந்து நிமிர்ந்தால், துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் வானிலைத் துறையின் ரேடார் குவிமாடம் தெரியும். 1973இலிருந்து சென்னையில் புயல் பார்க்கும் ரேடார் உண்டு. 2002இல் டாப்ளர் ரேடார் வந்தது. அது பத்து சென்டிமீட்டர் அலையில் மழை மேகத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குப் பார்க்கும். எங்களுடையது மூன்று சென்டிமீட்டர் அலை. அந்தப் பெரியதும் இந்தச் சிறியதும் ஒரே வானத்தின் கீழ் ஒரே வேலையைச் செய்கின்றன என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியபோது, அந்தக் குவிமாடத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். எங்கள் வட்டங்களின் நிழல்மரங்களும் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முன்பே தெரிந்திருந்ததால் கடலுக்குப் போயிருந்தவர்கள் கரைக்கு வந்திருந்தார்கள். மரம் போனால் வைத்துக்கொள்ளலாம்.

சுவிட்சைப் போட்டால் மேக்னட்ரான் சூடேற ஒன்றரை நிமிடம் ஆகும். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அலைதடுப்புச் சுவர்கள் இரண்டு கைகளாக விரிந்து தெரிந்தன. நேரான துறைச்சுவர் திரையில் கொஞ்சம் வளைந்து தெரிந்தது. அலை கிளம்பும் நேரத்துக்கும் கடிகாரம் ஓடத் தொடங்கும் நேரத்துக்கும் இடையே துளி வித்தியாசம் இருந்தால் அப்படித்தான் வளையும். அது நேராகும்வரை திருத்தினேன். வெளியே வந்து படகின் மூக்கை ஒரு மிதவைக்கு நேராகப் பிடித்து, திரையிலும் அது நேரே மேலே வரும்படி திசையைச் சரிசெய்தேன். நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் பருத்த புள்ளிகளாக நின்றன. கேப்டன் சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

காசிமேட்டு அண்ணன் மட்டும் திரையையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைச் சுற்றி ஏழெட்டு ஃபைபர் படகுகள் வலை போட்டுக்கொண்டிருந்தன. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த தூரம். திரையில் ஒன்றிரண்டு மினுக்கி மறைந்தன, மற்றவை இல்லவே இல்லை. ஃபைபர் மீது விழும் அலையில் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும். படகு தாழ்வானது, அலைகளின் எதிரொலியோடு கலந்துபோகும். அந்த இரைச்சலைக் குறைக்கக் குமிழைத் திருகினால் அதோடு சேர்ந்து படகும் அழிந்துபோகும். கப்பலின் பாலத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியும் இதே குமிழைத்தான் திருகுவார். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நம்ம ஆளுங்க இதுல இல்லியேம்மா."

தேவனாம்பட்டினத்துப் பெரியவரின் கேள்விக்கு அப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. அவர்கள் தெரியவில்லை.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூர்ப் பக்கம் சிறு வீடு கட்டிக் குடியேறியிருந்தார். பலகை மேஜையும் கூடவே போயிருந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சைக்கிள் ரிஃப்ளெக்டர்தானே வேணும், பெருசா" என்றார். மூன்று அலுமினியத் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று செங்குத்தாகக் கோத்தால் எட்டு மூலைகள் கிடைக்கும். ஒவ்வொரு மூலையும் வந்த அலையை வந்த வழிக்கே திருப்பும். மூலையின் ஒவ்வொரு கையும் ஓரடி இருந்தால், நேர்முகத்தில் 35 சதுர மீட்டருக்குமேல் பரப்புள்ள ஒரு பொருள் மாதிரி ரேடாருக்குத் தெரியும். கையின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் எதிரொலி 16 மடங்காகும். ஆனால் கோணம் பிசகக் கூடாது. ஒன்றிரண்டு டிகிரி கோணினாலும் அலை பக்கவாட்டில் சிதறிவிடும். அப்பா மூலைமட்டம் வைத்து, தகடுகளைச் சந்திக்குச் சந்தி கோணப்பட்டை கொடுத்து ரிவெட் அடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குக் கொண்டுவந்தார்.

அதை ஒரு ஃபைபர் படகின் மூங்கிலில் உயர்த்திக் கட்டினோம். கட்டுகிற விதமும் முக்கியம். முனையைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. ஒரு குழி வானத்தைப் பார்க்க, மழை பெய்தால் அதில் தண்ணீர் தங்குகிற மாதிரி நிற்க வேண்டும். அப்போதுதான் சுற்றிலும் ஆறு மூலைகள் கடலைப் பார்க்கும். அண்ணனின் தம்பி படகை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் திரையைப் பார்த்தோம். அரை மைல், ஒரு மைல், இரண்டு மைல். முந்தின தடவை காணாமல் போன அதே படகு, இந்தத் தடவை பெரும்பாலான சுற்றுகளில் ஒரு புள்ளியாக நின்றது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அந்தப் பெரியவர் இருக்காரோ இல்லையோ" என்றார்.

கேப்டன் சார் மாசி மாதத்தில், வாடைக் காற்று தணிந்தபின் கிளம்பினார். போர்ட் பிளேருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பேசினார். நான்காம் நாள் ராத்திரி ஒரு மழைச்சூறை எட்டு மைலிலேயே திரையில் கறை மாதிரி தெரிந்ததையும், பாயை முன்கூட்டியே சுருக்கியதையும் சொன்னார். ஒரு கப்பல் தொலைவிலேயே வழி விலகிப் போனதாம். அவர் படகின் மரத்திலும் அப்பா செய்த தகடு ஒன்று தொங்கியது. பாய்மரத்தில் ஓடும் படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்று கடல்விதி உண்டு. ஆனால் பார்த்தால்தானே வழிவிட முடியும்? மூடுபனியில் அந்த முன்னுரிமையும் இல்லை. அங்கே எல்லோரும் பாதுகாப்பான வேகத்தில், ஒருவரையொருவர் தேடிக்கொண்டுதான் போக வேண்டும்.

அதற்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டது. மேக்னட்ரான் இல்லாத ரேடார்கள் வந்தன. பாதி மின்சாரமே போதும், சூடேறக் காத்திருக்க வேண்டாம், நெருங்கி வருவதையும் விலகிப் போவதையும் வேறு வேறு நிறத்தில் காட்டுகின்றன. கட்டுமரங்கள் சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையில் வெகுவாகக் குறைந்துவிட்டன. புதுச்சேரிப் பெண் ரூபா, கோழிக்கோட்டுப் பெண் தில்னாவோடு கடற்படையின் 56 அடி தாரிணி படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, பாய்மரத்திலேயே உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார். அவர்கள் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தபோது, கயிற்றேணியைப் பற்றிய பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. இனி எந்த வீட்டிலும் அந்தக் கேள்வி எழ வேண்டாம்.

மாறாத ஒன்றும் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்து முனம்பத்திலிருந்து போன ஓஷியானிக் என்ற மீன்பிடிப் படகு கப்பல் மோதி மூழ்கியது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு வெளியே இன்னொரு படகு, அதிலும் தமிழ்நாட்டு மீனவர்கள். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் வைக்கும் திட்டம் நடந்துவருகிறது. மிக நல்ல காரியம். படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குச் சொல்லும், கரையிலிருந்து எச்சரிக்கையைப் படகுக்குச் சொல்லும். ஆனால் பேட்டரி தீரலாம், உப்பு ஏறலாம். எதிரே வரும் கப்பலின் ரேடார் திரையில் புள்ளியாக நிற்பது தனி வேலை. அதற்கு மின்சாரமே வேண்டாம். 150 டன்னுக்குக் குறைந்த கலங்கள் முடிந்தவரை ரேடார் ரிஃப்ளெக்டர் வைத்திருக்க வேண்டும் என்று கடற்பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் உடன்படிக்கையே சொல்கிறது.

அப்பா இப்போது இல்லை. கடைசி ஆண்டுகளில் அவர் கைப்பட செய்து கொடுத்த ரிஃப்ளெக்டர்கள் சாமியார்பேட்டையிலும் முடசல்ஓடையிலும் சில படகுகளில் உயரே நின்றன. ஆனால் எல்லாப் படகுகளுக்கும் செய்வது ஒரு மனிதர் வீட்டு வராந்தாவில் தீர்கிற வேலை இல்லை. ராத்திரி கடலுக்குப் போகும் படகுக்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வலைக்கும் டீசலுக்கும் செலவழிக்கும்போது மூன்று தகட்டுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். கோணம் பிசகாமல் செய்யச் சொல்லுங்கள், உயரமாகக் கட்டுங்கள், குழி வானத்தைப் பார்க்கட்டும். மீனவர்களுக்கு உதவி செய்ய நினைக்கும் நிறுவனங்களுக்கும், தொழிற்பயிற்சி நிலையங்களில் தகடு வளைக்கச் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கும் அதே வேண்டுகோள். ஒரு வகுப்பு நினைத்தால் ஒரு பருவத்தில் ஒரு குப்பத்துக்கே செய்து கொடுத்துவிடலாம்.